சென்மப் பாவமும் ஆணவ மலமும்

உயிர் இயல்பாகவே நன்றோ, தீதோ என்னும் வினா எச்சமயத்தார்க்கும் நீக்கவொண்ணாதது. இதற்கு விடையிறுக்கும் முறையானே ஒரு சமயத்தார் கொண்ட இறையிலக்கணமும், கட்டின் இலக்கணமும், வீட்டின் இலக்கணமும் ஒருங்கே புலப்பட்டுவிடும். என்னையெனின், உயிர் இயல்பாகவே தீதெனின், அதனை அவ்வாறு ஆக்கினான் இறைவனே என்னும் பழி அவன்மேல் ஏறும். இயல்பாகவே நன்றெனின், அருளும் ஆசிரியனும் தீக்கையும் வேண்டாவாய் முடியும். இவ்விரு குற்றமும் அணுகாமல் விடை கூறுதல் அரிது. அவ்வரிய வினாவிற்குக் கிறித்தவ சமயத்தார் கூறும் விடை யாது, அது நம் சித்தாந்த விடையோடு எவ்விடத்து ஒக்கும், எவ்விடத்து ஒவ்வாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாம்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. யான் பிறந்து வளர்ந்த உடன்குடி, பனைநிழலிற் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் ஊர். வடகிழக்கே செந்திற்பெருமான் திருக்கோயில். தெற்கே கடலோரத்தில் உரோமைச் சபையாரின் மணப்பாடு. மேற்கே சீர்திருத்த சபையாரின் மெய்ஞ்ஞானபுரம். இவற்றிடையே வாழ்ந்த யான், இருபத்திரண்டாம் அகவையில், அண்டையூர்ச் சைவசபை ஒன்றில் முதன்முறையாகப் பேச நின்றேன். கற்ற செருக்கு மிக்க பருவம். "கிறித்தவர் மனிதனைப் பாவமே வடிவானவன் என்பர், நாம் சிவத்திற்கு அடிமையாதற்கு உரியவன் என்போம்" என்று கூறி, அவர் கொள்கையைப் பலவாறு எள்ளினேன். அவையும் கைதட்டிற்று. கூட்டம் கலைந்தபின், வாயிலிற் குடையூன்றி நின்ற முதிய உபதேசியார் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, நீர் நன்றாகத்தான் பேசினீர். ஆனால் நீர் இன்று அடித்தது, எங்கள் சபையாரே நானூறு ஆண்டுக்கு முன்னம் அடித்துத் துரத்திய கொள்கையை. எங்கள் கொள்கையை நீர் இன்னும் தொடவில்லை" என்று சொல்லி, நகைத்துக்கொண்டே சென்றார். அப்பொழுது எனக்குச் சினமே எழுந்தது. அவர் கூறியது மெய்யென்று அறிதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

பிறர் மதத்தை மறுக்கப் புகுவார் முதற்கண் அதனை அம்மதத்தார் ஒப்புமாறு எடுத்தோதல் வேண்டும் என்பது நம் ஆசிரியர் மரபு. அருணந்தி சிவாசாரியர் சித்தியார்ப் பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக உள்ளார் கொள்கைகளை அவரவர் வாய்மொழி போலவே நிறுத்திக் காட்டி, அதன்பின்னரே மறுத்தலை மேற்கொண்டார். அம்மரபினைக் கற்றும் யான் அன்று கைவிட்டேன். ஆதலின், ஈண்டு முதலிற் கிறித்தவர் கோட்பாட்டை அவர் ஒப்புமாறு கூறி, பின் நம் கோட்பாட்டோடு ஒப்பிடுவல்.

1. சொல் ஆராய்ச்சி

இப்பொருளில் நம்மவர் இடர்ப்படுதற்கு முதற்காரணம் சொல்லேயாம். 'பாவம்' என்பது நமக்கு இருவினையுள் ஒன்று. புண்ணியத்தோடு மறுதலைப்பட்டு, செய்தானையே பற்றி, நுகர்ந்து கழிதற்குரியது. கிறித்தவர் அச்சொல்லை இருபொருளில் வழங்குவர். மனம் மொழி மெய்களாற் செய்யப்படும் குற்றம் ஒன்று. அக்குற்றங்களுக்கெல்லாம் வேராய்ப் பிறப்பிலேயே உடன்வரும் பழுது மற்றொன்று. முன்னையதைக் 'கன்மப் பாவம்' என்றும், பின்னையதைச் 'சென்மப் பாவம்' என்றும் உரோமைச் சபைத் தமிழர் வழங்கினர்.

சைவன் ஒருவன் 'சென்மப் பாவம்' என்று கேட்டவுடன், முற்பிறப்பிற் செய்த தீவினை எனக் கொள்வன். அஃது அவர் கருத்தன்று. முற்பிறப்பு உண்டென்பது அவர் சமயத்தில் இல்லை. அவர் கருதும் பொருள், யாதொரு செயலும் நிகழுமுன்னரே உயிரை மறைத்து நிற்கும் ஒரு குறைபாடு. ஆகவே நம் நூல்வழக்கில் அதற்கு அணித்தாய் வைத்து எண்ணத்தக்கது கன்மமலம் அன்று, ஆணவமலமே. சென்மப் பாவத்தைக் கன்மம் எனக் கொண்டு, "தந்தை உண்ட நஞ்சு மகனைக் கொல்லுமோ?" என வினாவி மறுத்த நம்மவர் பலர். அவ்வினா ஒருபுடை பொருந்துமாயினும், முழுதும் பொருந்தாமை மேற்காட்டப்படும்.

2. படைப்பு நன்று என்பது

கிறித்தவ வேதத்தின் முதனூலாகிய ஆதியாகமம், இறைவன் உலகைப் படைத்து அதனை நன்றெனக் கண்டான் என்றும், மனிதனைத் தன் சாயலாகப் படைத்தான் என்றும் கூறும். இதுவே அவர் கோட்பாட்டின் அடிப்படை. மனித இயல்பு படைப்பால் நன்று என்பதனை மறுத்த சபை அவருள் நிலைபெற்றதில்லை. ஒளியும் இருளும் ஒத்த இரு முதற்பொருள்கள் என்றும், தீமைக்குத் தனிமுதல் உண்டென்றும் கூறிய மானிகேயரோடு சின்னாள் இருந்து, பின் அம்மதத்தை விட்டு வந்தவரே இக்கோட்பாட்டை விரித்துரைத்த அகுஸ்தீனார் (354–430). தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என்பது அவர் துணிபு.

அற்றேல், தீமை எவ்வாறு வந்ததெனின், முதன்மனிதனாகிய ஆதாம் தன்னுரிமையாற் கட்டளை கடந்தமையின் வந்தது என்பர். அவன் இழந்த நேர்மை அவன் வழித்தோன்றல்கள் அனைவர்க்கும் இழப்பாயிற்று. அவன் எய்திய பழுதும் சாவும் அனைவர்க்கும் ஆயின என்பது பவுலார் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் இயலைக் கொண்டு அவர் கூறுவது.

இவ்விடத்து நம் புலவர் சுவைக்கத்தக்கதொரு பாடவேறுபாடு உண்டு. அந்நிருபத்தின் கிரேக்க மூலத்தில், எல்லாரும் பாவஞ்செய்தமையான் சாவு எல்லார்க்கும் பரவிற்று என்னும் பொருள்பட ஒரு தொடர் உளது. இலத்தீன் மொழிபெயர்ப்பு அதனை 'அவனுள் எல்லாரும் பாவஞ்செய்தனர்' என்னும் பொருள் கொள்ளுமாறு நிறுத்திற்று. அகுஸ்தீனார் இலத்தீன் பாடத்தையே பற்றி, ஆதாம் செய்தபோதே அவனுள் அடங்கியிருந்த மக்களினம் முழுதும் குற்றத்திற் பங்குகொண்டது என உரைத்தார். கிரேக்கம் பயின்ற கீழைத் திருச்சபையாரோ, ஆதாமின் குற்றத்திற்கு நாம் பொறுப்பாளர் அல்லோம், அவனால் விளைந்த சாவும் பழுதுமே நமக்கு வழிவழி வந்தன என்பர். ஓர் இடைச்சொல்லைப் பொருள்கொள்ளும் வகையான் இரு பெருஞ்சபைகளின் போக்கு இங்ஙனம் வேறாயினமை காண்க. 'கிறித்தவர் கூறுவர்' என ஒருமொழியில் அடக்கிப் பேசுதல் தவறென்பதற்கும் இதுவே சான்று.

அகுஸ்தீனார் காலத்தே பெலாகியர் என்னும் துறவி, மக்கள் அனைவரும் ஆதாம் படைக்கப்பட்ட நிலையிலேயே பிறக்கின்றனர், தீய முன்மாதிரியாலும் பழக்கத்தாலுமே கெடுகின்றனர், முயன்றாற் பாவமின்றி வாழ்தல் கூடும் என்றார். அஃதாவது, கன்மப் பாவம் உண்டு, சென்மப் பாவம் இல்லை என்பது அவர் கொள்கை. இதனைக் கார்த்தேசு நகரத்து அவை 418ஆம் ஆண்டில் விலக்கிற்று. 529ஆம் ஆண்டில் ஒராஞ்சு நகரத்து அவை, மனிதன் இறைவனை நோக்கித் திரும்பும் முதல் விருப்பமும் அருளாலேயே நிகழ்வது என்று உறுதிசெய்தது. நம்முள்ளும் இதற்கு ஒருவாறு ஒத்ததொரு பிணக்கு நிகழ்ந்தது. மாயையும் கன்மமும் உண்டு, ஆணவம் என வேறொன்று இல்லை என்பான் ஐக்கியவாதி. அவனை உமாபதி சிவாசாரியர் 1313ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மறுத்தார். வேர்க்குற்றத்தை விட்டுக் கிளைக்குற்றத்தையே கட்டென்பாரை இரு சமயத்தாரும் ஏற்றிலர் என்பது நோக்கத்தக்கது.

3. மணப்பாடும் மெய்ஞ்ஞானபுரமும்

சவேரியார் 1542ஆம் ஆண்டில் இக்கடற்கரைக்கு வந்தார். அதன்பின் நான்காண்டில், 1546இல், திரிதெந்து நகரத்துப் பேரவை சென்மப் பாவத்தைப் பற்றிய தன் முடிபை வெளியிட்டது. அதன்படி, ஞானஸ்நானத்தாற் சென்மப் பாவத்தின் குற்றம் முற்றும் நீங்கும். எஞ்சி நிற்கும் இச்சைநாட்டம் போராட்டத்தின் பொருட்டு விடப்பட்டது. அது பாவத்தினின்றும் பிறந்து பாவத்திற்குச் சாய்விப்பதேயன்றித் தானே பாவமாகாது. அதற்கு முந்நூறாண்டு முன்னிருந்த தோமா அக்குவினார் (1225–1274) மனித இயல்பின் நன்மையை மூவகையாகப் பகுத்து, இயல்பின் கூறுகள் பாவத்தால் அழிதலும் குறைதலும் இல, அறத்தின்பாற் செல்லும் நாட்டம் குறையும், முதனேர்மை ஒன்றே முற்றும் இழக்கப்பட்டது எனத் தெளிவித்திருந்தார். மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலில் வணங்குவார் வழிவழி கேட்டது இக்கோட்பாடே.

மெய்ஞ்ஞானபுரத்தில் 1837 முதலாக உழைத்த யோவான் தாமசு முதலியோர் ஆங்கிலத் திருச்சபையின் வழியினர். அச்சபையின் முப்பத்தொன்பது விதிகள் 1571இல் முடிவுபெற்றன. அவற்றுள் ஒன்பதாவது விதி, மனிதன் முதனேர்மையினின்றும் மிகத் தொலைவு விலகித் தன்னியல்பால் தீமைக்குச் சாய்ந்துள்ளான் என்றும், இப்பழுது மறுபிறப்பு அடைந்தார்மாட்டும் எஞ்சி நிற்கும் என்றும், இச்சைநாட்டம் பாவத்தின் தன்மை உடையதென்றும் கூறும். திரிதெந்தார் 'தானே பாவமாகாது' என்றதனை, இவர் 'பாவத்தன்மை உடையது' என்றனர். லூத்தர் (1483–1546) இதனை மேலும் வற்புறுத்தி, அருள்பெற்றவன் ஒருங்கே நீதிமானும் பாவியும் ஆவன் என்றார். கால்வினார் (1509–1564) வழியினர் கூறும் 'முழுக்கேடு' என்பதும் மனிதன் இயன்ற அளவு முழுதும் தீயவன் என்னும் பொருளதன்று. அறிவு, விழைவு, உணர்ச்சி என்பவற்றுள் பழுதுபடாது தப்பியது யாதும் இல்லை என்பதே அதன் பொருள்.

இவ்விரு ஊர்க்கும் இடையே வண்டியில் ஒரு காலைப்பொழுதிற் சென்று மீளலாம். ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் வழக்காடிய இரு கொள்கைகள் ஒரே பனங்காட்டின் இருபுறத்தும் வந்து ஊன்றின. அவ்வழக்கு இன்று தணிந்துள்ளது. உரோமைச் சபையாரும் லூத்தர் வழிச் சபையாரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட கூட்டறிக்கை, எஞ்சி நிற்கும் நாட்டத்தைப் பற்றிய வேறுபாடு இனிச் சபையை விலக்குதற்குரியதன்று என்று கூறிற்று. மெய்ஞ்ஞானபுரத்தார் சபையோ 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு ஒன்றாயிற்று.

4. பாவம் பொருளோ, பற்றியதோ?

இனி, உபதேசியார் எனக்குச் சுட்டிய இடத்திற்கு வருவோம். லூத்தருக்குப் பின் அவர் வழியினருள் பிளாசியர் (1520–1575) என்னும் பேரறிஞர் இருந்தார். 1560ஆம் ஆண்டு வைமார் நகரத்து நிகழ்ந்த சொற்போரில், அருளின் பெருமையை நிலைநாட்ட விரைந்து, வீழ்ச்சிக்குப் பின் சென்மப் பாவம் மனிதனைப் பற்றிய பண்பன்று, அவனது பொருட்டன்மையே என்று கூறிவிட்டார். யான் அவையில் எள்ளிய கொள்கை இதுவே.

அவர்தம் சபையாரே அதனை ஏற்றிலர். 1577ஆம் ஆண்டில் வகுத்த ஒப்புரவு நூலில் அதனை மறுத்தனர். அவர் காட்டிய ஏதுக்கள் கருதத்தக்கன. மனித இயல்பே பாவமெனின், இன்றும் மக்களைப் படைத்துவரும் இறைவன் பாவத்தைப் படைத்தானாவன். மனித இயல்பை ஏற்ற கிறித்து பாவத்தை ஏற்றவராவர். இறைவன் தூய்மை செய்து ஏற்றுக்கொள்வது பாவத்தையே என்றாகும். இறுதியில் உயிர்த்தெழுவதும் பாவமே என்றாகும். இவை யாவும் ஒவ்வா. ஆதலின் இயல்பு வேறு, அதனைப் பற்றிய பழுது வேறு. அவற்றைப் பிரித்தல் இறைவன் ஒருவனுக்கே இயலும் என முடித்தனர்.

இதனைப் படித்தபோது யான் வியப்புற்றேன். என்னையெனின், இவ்வழியே நம் ஆசிரியர் வழியுமாம். ஆணவம் உயிரின் குணமே என்பாரை நோக்கி, குணம் கெடின் குணியும் கெடுமாதலின், மலம் நீங்குங்கால் உயிரும் இல்லையாய் ஒழியும், வீடெய்துவார் ஒருவரும் இலராவர் என மறுத்தல் சித்தாந்த நெறி. கண்ணிற் படர்ந்த படலம் கண்ணின் குணமன்று. கண் மறைக்கப்பட்டமையின் கண்ணையே குருடென்று உலகம் வழங்கும். பொருனைக் கரையில் விக்கிரமசிங்கபுரத்துத் தோன்றி, 1785இல் இறைவனடி சேர்ந்த மாதவச் சிவஞான யோகிகளைப் பயின்றார்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. வெவ்வேறு மொழியில், ஒருவரையொருவர் அறியாது, ஒரே பிழையை ஒரே வகை ஏதுவான் இரு சமயத்தாரும் விலக்கினர்.

இதனாற் பெறப்படுவது: கிறித்தவர் கோட்பாட்டில் மனிதன் அடிப்படையில் நல்லனோ பாவியோ எனின், 'படைப்பால் நல்லன், நிலையாற் பாவி' என்பதே விடை. பாவம் அவன் உடைய சுமை, அவன் அதுவாகான். பொருனைநாட்டுக் கரையிருப்பிற் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவிய கிருஷ்ணப்பிள்ளை (1827–1900) 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலப் புலவர் பனியன் நூலைத் தழுவியது. அதன் தலைவன் முதுகிற் பெருஞ்சுமையோடு புறப்படுகின்றான். சிலுவையின்முன் சுமை வீழ்கின்றது, அவன் நிற்கின்றான். சுமை வீழ்ந்தபின்னும் அவன் நிற்பதனாலேயே அவன் வேறு, சுமை வேறு என்பது விளங்கும்.

5. ஒப்பும் ஒவ்வாமையும்

இனி ஒப்பிடுவாம். நம் சித்தாந்தத்தில் உயிர் தானே ஒளியுமன்று, தானே இருளுமன்று. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது அதன் இயல்பு. மலத்தைச் சார்ந்தவழி மலமேயாய், சிவத்தைச் சார்ந்தவழிச் சிவமேயாய் நிற்றலின் சதசத்து எனப்படும். ஆணவமோ உயிரோடு உடன்நிற்பது. அதனாற் சகசமலம் எனப்பட்டது. அது குணமன்று, பொருள். ஒன்றாய் நின்று அளவிறந்த ஆற்றல்களான் உயிர்தோறும் மறைப்பது. புறவிருளேனும் பிறவற்றை மறைத்துத் தன்னைக் காட்டும். இவ்விருள் தன்னையும் காட்டாது என்பது திருவருட்பயன் இருண்மலநிலையின் கருத்து. இக்கருத்தைக் கிறித்தவ ஞானியரும் உணர்ந்துளர். பாவத்தின் பெருங்கேடு, பாவி தன்னைப் பாவியென அறியாமையே என்பர் அவர்.

ஒக்கும் இடங்கள் மூன்று. மக்கள் முயற்சி ஒன்றானே நீங்காத வேர்க்குற்றம் ஒன்று உண்டென்பது முதலாவது. அஃது உயிரின் தன்மை ஆகாதென்பது இரண்டாவது. அருளைப் பெற்றபின்னும் அதன் வாசனை எஞ்சுமென்பது மூன்றாவது. பெருங்காயம் இருந்த பாண்டம் கழுவியபின்னும் மணக்குமாறு போல, மலம் நீங்கினார்க்கும் வாசனை தாக்குமாதலின், சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் கூட்டத்தையும் திருவேட ஆலய வழிபாட்டையும் விதித்தது. ஞானஸ்நானத்தின் பின்னும் நாட்டம் எஞ்சும், அதனோடு போராடுக என்று திரிதெந்தார் கூறியதும் இவ்வனுபவத்தையே பற்றியது.

ஒவ்வாத இடங்களும் மூன்று. அவற்றை மறைத்து 'எல்லாம் ஒன்றே' என்பது ஆராய்ச்சியாகாது.

முதலாவது, தொடக்கம். அவர்க்குப் பழுது ஒரு காலத்தில் தொடங்கியது, நமக்கு அநாதி. எம்மூர்ப் பனைத்தொழிலைக் கொண்டு இதனை விளக்கலாம். பாளையினின்றும் சொட்டும் நீர் இனிது. கலயத்தினுள் சுண்ணாம்பு தடவாதுவிடின் அதுவே புளித்துக் கள்ளாகும். பழங்கலயத்தின் புளிப்பு, பெய்யும் புதுநீரையும் பற்றும். கிறித்தவர் கோட்பாடு இதனை ஒக்கும்: நீர் இனிது, பின் புளித்தது, புளிப்பு வழிவழி பற்றுகின்றது. நம் கோட்பாட்டிற்கு இவ்வுவமை ஒவ்வாது. முன்னர்த் தூய்தாய் இருந்த காலம் உயிர்க்கு இன்மையின். நமக்குச் செம்பிற் களிம்பே உவமை. செம்பு உள்ளவன்றே களிம்பும் உளது. அது புறத்திருந்து ஒருநாள் வந்ததன்று.

இரண்டாவது, குற்றப்பொறுப்பு. ஆணவம் மறைப்பதேயன்றி, அதன்பொருட்டு உயிர் தண்டிக்கப்படுவதில்லை. தண்டமும் நுகர்ச்சியும் கன்மத்தின்பாலன. அக்கன்மமும் அவரவர் செய்ததே. தந்தை வழியாக ஒருவர் வினை ஒருவர்க்கு வருதல் நம் நூல்களில் இல்லை. 'தந்தை உண்ட நஞ்சு' என்னும் வினா இவ்விடத்துப் பொருந்தும். ஆயினும் அவருள் பின்வந்த ஆசிரியரும் இதனைத் தெளிவித்துளர். 1992இல் உரோமைச் சபை வெளியிட்ட மறைக்கல்வி நூல், சென்மப் பாவம் நாம் செய்ததன்று, நம்மாற் பெறப்பட்டதோர் நிலை. 'பாவம்' என அதனை வழங்குதல் ஒப்புமை பற்றியே என்று கூறும். ஆகவே, அவரை மறுப்பார் இத்தெளிவை அறிந்தே மறுத்தல் வேண்டும்.

மூன்றாவது, காலவெல்லை. நமக்கு மலபரிபாகத்திற்குப் பிறவிகள் பல உள. அவர்க்கு வாழ்வு ஒன்றே.

6. இருதிறத்துத் தடைவிடைகள்

சித்தாந்தி வினாவுவது: தூய்தாய் இருந்த உயிர்க்குக் காரணமின்றிப் பழுது வந்ததெனின், வீடுபெற்ற உயிர்க்கும் மீளப் பழுது வாராதென்பதற்கு உறுதி யாது? நல்லன் படைத்த நல்லுயிரினுள் கட்டளை கடக்கும் எண்ணந்தான் எங்கிருந்து எழுந்தது?

இதற்கு அகுஸ்தீனார் வழியினர் விடை: ஆதாமுக்கு இருந்தது பாவஞ்செய்யாதிருத்தல் கூடும் என்னும் உரிமை, வீடுபெற்றார்க்கு அருளப்படுவது பாவஞ்செய்தல் கூடாது என்னும் உயர்ந்த உரிமை, ஆதலின் மீட்சியில்லை. இவ்விடை இரண்டாம் வீழ்ச்சியை விலக்கும். முதல் வீழ்ச்சியின் காரணத்தை விளக்காது. உயர்ந்த உரிமையை முதற்கண்ணே அருளாமை என்னை என்னும் வினா எஞ்சும்.

இனி அவர் நம்மை வினாவுவது: மலம் அநாதியெனின், இறைவனோடு ஒப்பத் தொடக்கமில்லாத தீமை ஒன்று உண்டென்றாகும், அது மானிகேயர் மதத்தோடு ஒக்குமன்றோ? நம் விடை: அநாதியாதல் ஒன்றே பற்றிச் சமமாகாது. ஆணவம் அறிவற்றது, தானே இயங்காது, சிவசத்தி செலுத்தியவழியே தொழிற்படுவது. ஒளி வந்துழி இருள் மடங்குமாறு போல, அருள் விளங்கியவழி அதன் ஆற்றல் மடங்கும். அதற்கு இறைவன் காரணனும் அல்லன், அதனோடு போரிடுவானும் அல்லன், நீக்குவானாவன். இவ்விடையானும், 'மலம் உயிரைப் பற்றியிருத்தற்கு ஏது யாது?' என்னும் வினா, 'அநாதி' என்னும் சொல்லளவில் நிற்கின்றது என்பதை நாமும் ஒப்புதல் வேண்டும். அவர் வினா ஆதாமின் உள்ளத்தில் நிற்கின்றது. நம் வினா அநாதியில் நிற்கின்றது. எனினும், நல்லிறைவன் படைப்பிலே பழுதுக்கு இடங்காணும் இடர்ப்பாடு நமக்கில்லை. என் சிற்றறிவிற்கு இதுவே நம் நெறியின் ஏற்றமாகத் தோன்றுகின்றது.

7. இதனாற் கொள்ளும் பயன்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. ஞானஸ்நானம் பெறாது இறந்த சிசுவின் கதி யாது என்னும் வினா பல நூற்றாண்டுகள் கிறித்தவத் தாய்மாரை வருத்தியது. அகுஸ்தீனார் அவற்றிற்கு மிக மெலிந்த தண்டம் உண்டென்றார். பின்வந்தோர் துன்பமும் பேரின்பமும் இல்லாத லிம்போ என்னும் நிலையைக் கற்பித்தனர். 2007ஆம் ஆண்டில் உரோமைச் சபையின் இறையியல் ஆய்வுக்குழு, அஃது ஒரு கருத்தேயன்றிச் சபையின் முடிந்த கொள்கையன்று என்றும், இறைவன் இரக்கத்தால் அச்சிசுக்கள் உய்யும் என நம்புதற்குத் தக்க காரணம் உண்டென்றும் வெளியிட்டது. இறைவன் அருளின்மேல் வைத்த நம்பிக்கை, குற்றத்தைப் பற்றிய கணக்கை வென்றது. இதனைச் சைவரும் மகிழ்ந்து வரவேற்கலாம்.

வேர்க்குற்றம் எல்லார்க்கும் பொதுவென்பது பிறிதொன்றனையும் உடன்கொண்டது. எல்லாரும் ஆதாமின் மக்களெனின், ஒரு குலத்தார் பிறரினும் இழிந்தவர் என்றற்கு இடமில்லை. ஆயினும் இடையன்குடியில் நெடுங்காலம் உழைத்த கால்டுவெல் ஐயர் 1849இல் பனைத்தொழிலாளரைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல், தங்களை இழிவுபடுத்திற்று என அம்மக்கள் பின்னர் எதிர்த்து எழுதினர். இதனை எடுத்துக்காட்டி நாம் மகிழ்தற்கில்லை. ஆணவம் எல்லாவுயிர்க்கும் ஒன்றே என்று ஓதிய நாம், அம்மக்களையும் அவரின் மேலும் நலிந்தாரையும் கோயில் வாயிலிலே நிறுத்தினோம். கமுதிக் கோயில் வழக்கு 1908இல் இலண்டன் பேரவைமன்றம் வரை சென்றது; 1939, 1947 ஆண்டுகளின் சட்டங்களின் பின்னரே கதவுகள் திறந்தன. இருவர் ஏட்டிலும் சமன்மை இருந்தது. இருவர் ஒழுக்கத்திலும் அது தாழ்ந்தது. தன்னையும் காட்டாது மறைக்கும் இருள் என்று நம் ஆசிரியர் கூறியது இதனையேயாம்.

சைவர்க்குப் பாவவுணர்ச்சி இல்லை என்று எழுதிய பாதிரிமார் பலர். அவருள்ளும் சாயர்புரத்தில் 1842 முதலாகத் தமிழ் பயின்ற போப்பையர், 1900ஆம் ஆண்டில் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். நாயினுங் கடையேன் எனத் தன்னை நொந்து அழும் மணிவாசகப் பெருமானைக் கண்டபின், அப்பழியை எவரும் சொல்லல் ஆகாது. அவர் நம் நூலைக் கற்றுணர்ந்தது போல நாமும் அவர் நூலைக் கற்றல் முறை. ஐயுற்றவிடத்து அச்சமயத்து முதியோரை வினாவி அறிதல் அதனினும் நன்று. அறியாது மறுப்பின், மறுக்கப்படுவது நம் நினைவிலுள்ள பொம்மையேயாகும். மெய்க்கொள்கை தீண்டப்படாது நிற்கும். உண்மை ஆராய்வார் நம்மை விட்டு விலகுவர்.

அவ்வுபதேசியார் இன்று இலர். அற்றைநாள் அவர்க்கு யான் ஒருமொழியும் மறுமொழி கூறிற்றிலேன். கூறியிருத்தற்குரியது இதுவே: ஐயா, நீர் சொல்லியது மெய். உம் சமயம் மனிதனைப் பாவம் என்னவில்லை. பாவத்தாற் பற்றப்பட்டவன் என்றது. எம் சமயமும் உயிரை மலம் என்னவில்லை. மலத்தாற் பற்றப்பட்டது என்றது. பற்று எப்பொழுது தொடங்கியது என்பதில் நாம் வேறுபடுவோம். அதனை நீக்குவான் ஒருவன் உளன் என்பதில் வேறுபடோம்.

திருச்சிற்றம்பலம்.